'ஸ்கின் கலர்' யாருடைய நிறம்?

எங்கள் மாலைப் பள்ளியில் படம் வரையும் நேரத்தில் ஒரு குரல் தவறாமல் கேட்கும்: "அக்கா, அந்த ஸ்கின் கலர் குடுங்க." பிள்ளைகள் கேட்பது வெளிர் ரோஸ் நிறத்தை. நீட்டுகிற கைகளில் ஒன்றுகூட அந்த நிறத்தில் இல்லை. நாங்களும் சின்ன வயதில் அதைத்தான் கேட்டோம். அமெரிக்காவின் கிரயோலா நிறுவனம் இதே சாயலுக்குச் 'சதை நிறம்' என்று பேர் வைத்திருந்தது. 1962இல்தான் 'பீச்' என்று மாற்றியது. பெட்டியில் பேர் மாறியது. நம் வாயில் மாறவில்லை.

இந்தக் கோடை விடுமுறையில் கலர் பெட்டிகளை எடுத்து வைத்துவிட்டு, 6பி பென்சிலும் கரிக்குச்சியும் கொடுத்தோம். பென்சிலின் கதையையும் சொன்னோம். போரினால் பிரான்சுக்கு இங்கிலாந்து கிராஃபைட் வராமல் போனது. கான்டே என்பவர் கிராஃபைட் தூளைக் களிமண்ணோடு பிசைந்து சுட்டுப் பென்சில் செய்து, 1795இல் காப்புரிமை பெற்றார். களிமண் கூடினால் கோடு வெளிறும், குறைந்தால் கறுக்கும். "பானை மாதிரியா அக்கா?" என்றான் ஒருவன். ஆமாம், பானை மாதிரிதான்.

உருவம் வரைய ஒருவர் அசையாமல் உட்கார வேண்டும். ஒரு மாணவியின் பாட்டியை அழைத்தோம். ஆயுசு முழுக்க நடவும் களையெடுப்புமாக வாழ்ந்தவர். நாற்காலியைக் காட்டினோம், தரையில் உட்கார்ந்தார். "நமக்கு இதுதாம்மா பழக்கம்." அந்தப் பழக்கத்தை யார் பழக்கினார்கள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பேத்திதான் கையைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தாள்.

பிள்ளைகள் லேசாகவே நிழல் போட்டார்கள். கறுப்பாக வரைந்தால் பாட்டிக்கு வருத்தமாகுமோ என்ற பயம். அழுத்திப் போடச் சொன்னோம். கறுப்பின் மேல் கறுப்பு ஏற ஏறத்தான் கன்னத்து எலும்பு எழுந்து வந்தது, கழுத்து நரம்பு தெரிந்தது. வெளிச்சம் பட்ட இடத்தில் மட்டும் தாளின் வெள்ளை மிஞ்சியது.

இருபது நிமிடம் கழித்துப் பாட்டி படத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தார். "என்னை இம்புட்டு நேரம் யாரும் பாத்ததில்ல" என்றார்.

நிறம் பற்றியும் சாதி பற்றியும் நாங்கள் பல கூட்டங்களில் பேசியிருக்கிறோம். அந்தப் பிள்ளைகளிடம் அதில் எதையும் அன்று பேசவில்லை. மறுநாள் யாரும் ஸ்கின் கலர் கேட்கவில்லை என்று சொன்னால் அது பொய். இரண்டு பேர் கேட்டார்கள். அந்தப் பேத்தி திரும்பி, "யாரு ஸ்கின்னு?" என்றாள்.

தோழர்களே, உங்கள் தெருவிலும் ஒரு நாற்காலி போடுங்கள். பென்சில் பத்துப் பதினைந்து ரூபாய்தான்.