கழுகுமலையில் நான் சொன்ன பொய்

நான் வரலாற்று ஆசிரியன். இப்போது ஓய்வு பெற்றுவிட்டேன். கழுகுமலைச் சமணச் சிற்பங்களுக்கு முன்னால் நின்றுகொண்டு, ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தியிடம் பொய் சொன்னேன். தெரியாமல் சொன்னது என்று இத்தனை காலம் எனக்கு நானே சமாதானம் சொல்லிவந்தேன். அது உண்மையில்லை. எனக்கு விவரம் தெரியாது என்பதை நான் நன்றாகவே அறிந்திருந்தேன். அதை மறைக்கத்தான் பேசினேன்.

நடந்ததை முழுதாகச் சொல்கிறேன். தீர்ப்பு உங்களுடையது.

தாமிரபரணிக் கரையில் ஒரு பள்ளியில் வேலை பார்த்தேன். வருடந்தோறும் பிள்ளைகளை எங்காவது கூட்டிப்போவது வழக்கம். ஆதிச்சநல்லூர், கொற்கை, சீவலப்பேரிக்குப் பக்கத்தில் மறுகால்தலை என்று போவோம். அந்த வருடம் கழுகுமலை. கங்கைகொண்டான், கயத்தாறு வழியாக பஸ் போனது. கயத்தாற்றில் இறங்கிக் கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட இடத்தைக் காட்டினேன். 1799 என்றேன். பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள். அதுவரைக்கும் நான் சொன்னது எல்லாம் சரி.

கழுகுமலை இன்று தூத்துக்குடி மாவட்டத்தில் இருக்கிறது. 1986 வரை நம் திருநெல்வேலி மாவட்டம்தான். அடிவாரத்தில் கழுகாசலமூர்த்தி கோயில். மேலே ஏறினால் வெட்டுவான் கோவில். ஒரே பாறையை உச்சியிலிருந்து கீழ்நோக்கிச் செதுக்கிக்கொண்டே வந்து பாதியில் விட்டது. அதற்கும் அப்பால், பாறைச் சரிவில் வரிசை வரிசையாகத் தீர்த்தங்கரர்கள், முக்குடைக்குக் கீழே அமர்ந்திருக்கிறார்கள். எட்டாம் நூற்றாண்டில், பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையன் காலத்திலும் அதற்குப் பின்னும், அங்கே சமணத் துறவிகள் வாழ்ந்தார்கள், பாடம் சொன்னார்கள். வெகு தூரத்து ஊர்களோடெல்லாம் அந்த மலைக்குத் தொடர்பு இருந்தது. இன்று சிதறால் என்று சொல்லும் திருச்சாரணத்து மலை, குறண்டி, கோட்டாறு என்று பல ஊர்ப் பெயர்கள் அங்கே பாறையில் இருக்கின்றன. உருவங்களுக்கு அடியில் வட்டெழுத்தில் ஓரிரு வரி வெட்டியிருப்பார்கள். செய்வித்தவர் யார், அவர் எந்த ஆசிரியரின் மாணாக்கர் என்ற குறிப்பு. சுமார் நூறு கல்வெட்டுகள். அரசன் பேர் உள்ளவை சில. மற்றவற்றில் பல, தச்சர், வேட்கோவர், ஊர்க்காரர் என்று எளிய மனிதர்களின் பேர்கள்.

அந்த வட்டெழுத்தில் ஒரு எழுத்துகூட எனக்குப் படிக்கத் தெரியாது. பிள்ளைகளுக்கு அது தெரியக்கூடாது என்று கவனமாக இருந்தேன். கல்வெட்டின்மேல் விரலை ஓட்டுவேன். படிப்பதுபோலச் சற்று நிற்பேன். பிறகு, முன்பே மனப்பாடம் செய்து வைத்திருந்ததைச் சொல்வேன். பிள்ளைகள் வாய் பிளந்து பார்ப்பார்கள். அந்தப் பார்வைக்கு ஆசைப்பட்டேன்.

அன்றைக்குத் தலைமையாசிரியரும் வந்திருந்தார். பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவரும் வந்திருந்தார். நான் வழக்கத்தைவிட உரக்கப் பேசினேன்.

அந்தப் பெண்ணின் அம்மா பீடி சுற்றுகிறவர். வீட்டில் புத்தகம் என்று எதுவும் கிடையாது. சனிக்கிழமைகளில் பாளையங்கோட்டை நூலகத்துக்குப் போவாள். கழுகுமலை போகிறோம் என்று அறிவித்த அன்றே போயிருக்கிறாள். மயிலை சீனி. வேங்கடசாமியின் ‘சமணமும் தமிழும்’ நூலை எடுத்து, வேண்டியதைக் கட்டம் போட்ட நோட்டில் எழுதிக்கொண்டு வந்திருந்தாள். நான் அந்த நூலைத் திறந்துகூடப் பார்த்ததில்லை.

“சார், இங்க பொம்பளத் துறவிகளும் இருந்தாங்கல்லா? பாடம் சொல்லிக் குடுத்தாங்களாம். அவங்க பேரு எந்தக் கல்லுல சார் இருக்கு?”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். தேடிப் பார்ப்போம் என்றாவது சொல்லியிருக்கலாம். எனக்கு வாய் வரவில்லை. தலைமையாசிரியர் இரண்டடி தள்ளி நின்றுகொண்டிருந்தார்.

“அதெல்லாம் இல்லட்டி. சாமியார்மாருக்குச் சோறு போட்ட பொம்பளைங்க பேராயிருக்கும். நானே எல்லாத்தயும் வாசிச்சுப் பாத்திருக்கேன். கண்டதப் படிச்சிட்டு வந்து வாத்தியாருக்குப் பாடம் எடுக்காத.”

நானே வாசித்துப் பார்த்திருக்கிறேன் என்றேன். அதுதான் பொய். மற்றதெல்லாம் ஆணவம். பையன்கள் சிரித்தார்கள். நான் தடுக்கவில்லை. அந்தச் சிரிப்பு எனக்குச் சாதகமாக இருந்தது. அவள் நோட்டை மூடிவிட்டாள்.

சிலப்பதிகாரத்தில் கவுந்தியடிகள் வருகிறார். கோவலனையும் கண்ணகியையும் மதுரைக்கு அழைத்துச் சென்ற சமணப் பெண் துறவி. வழியெல்லாம் அவர்களுக்கு அறம் சொன்னவர். நான் பத்தாம் வகுப்பிலேயே படித்த கதை. அந்த ஒரு பெயரை நினைத்திருந்தால்கூட நாக்கு தடுத்திருக்கும். நினைக்கவில்லை. தோற்றுவிடக்கூடாது என்ற ஒன்றைத் தவிர வேறு எதையும் அந்த நேரத்தில் நான் நினைக்கவில்லை. ஒரு குழந்தையிடம் தோற்றுவிடுவேனோ என்ற பயம் அது.

அங்கிருந்து நகர்ந்து பாகுபலி சிற்பத்துக்குப் போனோம். கால்களில் கொடி சுற்ற, அசையாமல் நின்று தவம் செய்கிறவர். இருபுறமும் நிற்கும் பெண்கள் அவருடைய சகோதரிகள் பிராமி, சுந்தரி என்று அறிஞர்கள் சொல்வார்கள். அத்தனை தவம் செய்தும் பாகுபலிக்கு ஞானம் வரவில்லை. மனத்தில் செருக்கு மிச்சமிருந்தது. சகோதரிகள் வந்து, யானையை விட்டு இறங்கு என்று சொன்ன பிறகே வந்தது என்பது சமண மரபில் ஒரு கதை. எனக்குத் தெரிந்த கதைதான். அன்று அதைச் சொல்லாமல் விட்டேன். இரண்டு பெண்கள் ஒரு துறவிக்கு வழிகாட்டிய கதையை, இப்போதுதான் ஒரு பெண்ணை வாயடைத்துவிட்டு வந்த நான் எப்படிச் சொல்வது? காலம், பாணி, பாண்டியர் கலை என்று ஏதோ பேசிவிட்டு நகர்ந்தேன்.

நான் செய்ததன் கனம் இன்னொரு மலையோடு ஒப்பிட்டால் தெரியும். ஸ்பெயினில், பார்சிலோனாவுக்குப் பக்கத்தில், மொன்செராட் என்று ஒரு மலை. அதன்மேல் பெனடிக்ட் சபைத் துறவிகளின் மடம் ஒன்று, பதினோராம் நூற்றாண்டிலிருந்து இருக்கிறது. நெப்போலியனின் படை 1811இல் அதைச் சூறையாடியது. பிறகு மறுபடியும் கட்டினார்கள். இன்றும் அங்கே துறவிகள் வாழ்கிறார்கள். அந்த மடத்தைப் பற்றி அங்கே ஒருவன் தப்பாகச் சொன்னால், இல்லையப்பா என்று திருத்த ஆள் உண்டு. கழுகுமலையில் ஆள் இல்லை. பாடம் சொன்னவர்கள் போய் ஆயிரம் வருடத்துக்கு மேல் ஆகிறது. அவர்கள் சார்பில் பேச அந்த ஓரிரு வரிகள்தான் மிச்சம். அந்த வரிகளை வாசிக்கத் தெரிந்தவன்போல நடித்து, அவர்களை இல்லாதவர்களாக ஆக்கினேன்.

ஊருக்குத் திரும்பிய பிறகு கட்டுரைப் போட்டி வந்தது. மாவட்ட அளவிலானது. அவள் கழுகுமலையைப் பற்றி எழுதிக் கொடுத்தாள். பெண் ஆசிரியர்களைப் பற்றி இரண்டு பக்கம். அப்போதாவது நூலகத்துக்குப் போய்ச் சரிபார்த்திருக்க வேண்டும். போகவில்லை. சிவப்பு மையால் இரண்டு பக்கத்தையும் குறுக்காக அடித்தேன். ‘ஆதாரமற்றது’ என்று ஓரத்தில் எழுதினேன். கட்டுரை என் மேசையிலேயே தங்கிவிட்டது. போட்டிக்கு வேறொரு பையனின் கட்டுரையை அனுப்பினேன்.

வகுப்பில் அவளுக்குச் சாமியாரம்மா என்று பேர் வந்தது. என் காதிலும் விழுந்தது. கண்டிக்கவில்லை. கண்டித்தால் அந்தப் பேச்சு மறுபடி எழும் என்று பயந்தேன். அதற்குப் பிறகு அவள் என் வகுப்பில் கேள்வி கேட்டதில்லை. வரலாறு படித்து என்னைப்போல வாத்தியாராக வேண்டும் என்று ஒருதரம் சொல்லியிருந்தாள். பதினோராம் வகுப்பில் கணக்குப்பதிவியல் எடுத்தாள். மேலே படிக்கவில்லை.

பல வருடம் கழித்து, வேறு ஏதோ காரியமாகத் தென்னிந்தியக் கல்வெட்டுகள் ஐந்தாம் தொகுதியைப் புரட்டினேன். கழுகுமலைக் கல்வெட்டுகள் அதில்தான் அச்சாகியிருக்கின்றன. வட்டெழுத்து படிக்க வேண்டியதில்லை. தமிழெழுத்திலேயே இருந்தது. திருச்சாரணத்துக் குரத்திகள், மிழலூர்க் குரத்தியார், சங்கக் குரத்தியார். பெண் ஆசிரியர்கள். இன்னார் மாணாக்கர் செய்வித்தது என்று சிற்பங்களுக்கு அடியிலே வெட்டியிருக்கிறது. அவள் எந்தக் கல்லில் என்று கேட்டாளோ, அந்தச் சரிவில்தான் எல்லாம் இருந்தது. தொட்டுக் காட்டும் தூரம்.

அன்றே அவளைத் தேடிப் போயிருக்க வேண்டும். அவள் இருந்தது இதே ஊரில்.

நான் செய்தது வேறு. பள்ளியில் விழா மலர் போட்டார்கள். கழுகுமலையின் பெண் ஆசிரியர்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதிக் கொடுத்தேன். என் சொந்தத் தேடலில் கிடைத்ததுபோல எழுதினேன். பாராட்டினார்கள். ரோட்டரி கூட்டத்தில் பேசக் கூப்பிட்டார்கள். பேசினேன். பொன்னாடை போர்த்தினார்கள். வாங்கிக்கொண்டேன். மலையில் சொன்ன பொய்யாவது பயத்தில் வந்தது. இது திருட்டு. நிதானமாக, நேரம் எடுத்துக்கொண்டு செய்தது.

பிறகு ஒரு நாள் வண்ணாரப்பேட்டையில் ஒரு ஜவுளிக்கடையில் அவளைப் பார்த்தேன். அங்கே வேலை பார்க்கிறாள். “நல்லாருக்கீங்களா சார்?” என்று அவள்தான் வந்து கேட்டாள். மகள் பள்ளிக்கூடம் போகிறாளாம். நல்லாப் படிக்க வை என்று சொன்னேன். துணி எடுக்காமலே வெளியே வந்துவிட்டேன். சொல்ல வாய்ப்பு இருந்தது, நேரம் இருந்தது. மரியாதை போய்விடும் என்று பயந்தேன். அவள் எனக்குக் கொடுத்துவந்த மரியாதையை நான் ஏமாற்றித்தான் வாங்கிக்கொண்டிருந்தேன்.

போன மாதம்தான் போனில் கூப்பிட்டுச் சொன்னேன். மலையில் நடந்தது, கட்டுரையை அடித்தது, மலரில் எழுதியது எல்லாவற்றையும் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டாள். பிறகு, “எனக்கு அப்பமே தெரியும் சார், நீங்க வாசிக்கலன்னு. உங்க வெரலு எழுத்துமேல போகல, வெறும் பாறைமேல போச்சு” என்றாள். அந்தக் கட்டுரை இருக்கிறதா என்று கேட்டாள். இல்லை. ஓய்வு பெற்ற வருடம் பழைய பேப்பரோடு சேர்த்து எடைக்குப் போட்டுவிட்டேன். அதையும் சொன்னேன். மகளுக்குக் காட்டலாம்னு நினைச்சேன் என்றாள்.

மலரில் வந்த கருத்து என்னுடையது அல்ல, ஒரு மாணவி எனக்கு முன்பே எழுதியது என்று பள்ளிக்கு எழுத்தில் கொடுத்திருக்கிறேன். அதில் அவள் பெயர் இருக்கிறது. இங்கேயும் போடட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள். ஏன் என்று கேட்க எனக்கு உரிமை இல்லை.