அறுப்பு வாரம், ஆர்மோனியம், கொஞ்சம் தொண்டைக்கட்டு

போன வாரம் எழுத உட்காரவே நேரம் கிடைக்கலை. பிசான அறுப்பு, லெந்து நாள் ஜெபக்கூட்டம், பாட்டுப் பயிற்சி எல்லாம் ஒரே வாரத்துல வந்து விழுந்துட்டு.

சென்னை, பெங்களூர்ல இருந்து வாசிக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை. தாமிரபரணிப் பாசனத்தில் ஐப்பசி வாக்கில் தொடங்கி மாசி, பங்குனியில் அறுப்பதுதான் பிசானம். நான் போட்டது அம்பை 16, ஒன்றரை ஏக்கர். கதிர் சாய்ந்து கிடந்தது, வானமும் மூடிக்கொண்டு நின்றது. திங்கள்கிழமையில் இருந்து மிஷின்காரருக்கு போன் போட்டதுதான் மிச்சம். “நாளைக்கு வந்துருதேன் அண்ணாச்சி” என்பார். சுற்றுவட்டாரம் முழுக்க ஒரே நேரத்தில் கதிர் முற்றினால் அவரும் என்ன செய்வார்?

இதுக்கு நடுவில் கோயிலில் ஒரு விவகாரம். எங்கள் சபையில் பாடகர் குழுவைக் கவனிப்பது நான்தான். ஆர்மோனியம் வாசிப்பவர் ரிட்டயர்டு வாத்தியார், ஊருக்கே ‘சார்வாள்’. எனக்கு அ, ஆ சொல்லிக்கொடுத்தவர். வயது 78. விரல் முன்னைப்போல ஓடவில்லை. துபாயில் இருக்கிற ஒரு பையன் கோயிலுக்கு கீபோர்டு வாங்கிக் கொடுத்திருக்கிறான். வாசிக்க காலேஜ் பயலுகளும் தயார். புதன்கிழமை பயிற்சி முடிந்ததும் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். “அண்ணே, குருத்தோலை ஞாயித்துக்கிழமையில இருந்து கீபோர்டு மட்டும் போதும். சார்வாள்ட்ட நீங்களே சொல்லிருங்க.” ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சொல்கிறேன் என்று ஒத்துக்கொண்டேன். உண்மையைச் சொன்னால், என் மனசிலும் அதுதான் இருந்தது.

மிஷின் வந்தது சனிக்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு. பனி இறங்குவதற்குள் அறுத்து, களத்தில் கொட்டி, தார்ப்பாய் போட்டு மூடும்போது நடுச்சாமம். காலையில் எழுந்தால் தூசியில் தொண்டை கட்டி, குரலே வரவில்லை. பாடகர் வரிசையில் நின்று பிரயோஜனம் இல்லை என்று கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். இருபது வருஷமாக முன்னால் நின்று பாடியவன், பின்னால் இருந்து கேட்டது அன்றைக்குத்தான்.

முதல் பாட்டு கீபோர்டில். தாளம் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. அது பாட்டுக்கு ஓடியது. ஆச்சிமார் பின்தங்கினார்கள், மூன்றாவது சரணத்தில் வாயை மூடிக்கொண்டார்கள்.

அடுத்தது வேதநாயக சாஸ்திரியார் கீர்த்தனை. 1774-ல் நம்ம திருநெல்வேலியில் பிறந்து, தஞ்சாவூருக்குப் போய்ப் பாடினவர். இதற்குச் சார்வாள் ஆர்மோனியம். ராகம், தாளம் எல்லாம் முறையாக இருந்தாலும் ஆச்சிமார் பாடுவது அவங்கவங்க மூச்சுக் கணக்குதான். ஒரு சரணம் முடிந்து அவர்கள் மூச்சு வாங்கும்வரை சார்வாள் துருத்தியை மெதுவாகத் தள்ளிக்கொண்டு ஒரே சுரத்தில் நிற்கிறார். அவர்கள் எடுத்ததும் கூடவே போகிறார். விரல் தடுமாறுகிறது என்று நான் நினைத்துக்கொண்டிருந்ததில் பாதி, அவர் காத்துநின்றது. கோயில் முழுக்கப் பாடியது.

அகில இந்திய வானொலி 1940-ல் ஆர்மோனியத்தை வெளியே நிறுத்தி, 1971-ல்தான் திரும்ப உள்ளே விட்டது. அதைப்போல ஒரு வேலையைத்தான் நானும் செய்யப் பார்த்திருக்கிறேன்.

ஆராதனை முடிந்து அவரிடம் போனேன்.

“நெல்லு காஞ்சிட்டாடே?” என்றார்.

“இல்ல சார்வாள். ஈரப்பதம் 19, 20 இருக்கும். கொள்முதல் நிலையத்துல 17-க்கு மேல எடுக்க மாட்டாங்க.”

“ரெண்டு வெயில் காட்டு. அவசரப்படாத.” ஆர்மோனியத்தைத் துணியால் மூடிக்கொண்டே, “என்னைய நிப்பாட்டச் சொல்லிப் பயலுவ கேட்டானுவளாமே” என்றார்.

அவருக்குத் தெரிந்திருக்கிறது. எனக்கு முகத்தைப் பார்க்க முடியவில்லை. “கீர்த்தனைக்கு நீங்கதான் வாசிக்கணும் சார்வாள். ஒரு பயலுக்கு அதச் சொல்லியும் குடுக்கணும்” என்றேன். “சொல்லுதேன், புதங்கிழமை அனுப்பு” என்று மட்டும் சொன்னார்.

பாடகர் குழு தனியாகப் பாடுவதற்குக் கீபோர்டு, சபையே பாடும் கீர்த்தனைக்கு ஆர்மோனியம் என்று பயலுகளிடம் சொல்லிவிட்டேன். ஒருத்தன் கற்றுக்கொள்ளச் சம்மதித்தான். இன்னொருத்தன் என்னோடு பேசுவதில்லை. பேசுவான்.

இன்றைக்குச் செவ்வாய். இரண்டாவது வெயில் காய்கிறது. முதற்பலனாக ஒரு மூட்டையைக் கோயிலுக்கு எடுத்து வைத்தாச்சு. தொண்டைதான் இன்னும் சரியாகலை.