நாலாவதாக வந்தவளையும் சேர்த்துத்தான் கணக்கு

எங்கள் தெருவில் யாராவது வேகமாக ஓடினால் திண்ணையில் இருக்கும் பெரியவர்கள் முதலில் கேட்பது, "என்னடே, போலீஸா?" என்றுதான். 1995-ல் கொடியங்குளத்துக்குள் போலீஸ் புகுந்து வீடுகளைச் சூறையாடியபோது எங்களுக்கு ஐந்து வயது. 1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக நெல்லையில் ஊர்வலம் போனவர்களைப் போலீஸ் அடித்து விரட்டியது. 17 பேர் தாமிரபரணியில் பிணமானார்கள். அப்போது நாங்கள் நாலாம் வகுப்பு. ஓட்டம் என்றால் உயிர் தப்ப ஓடுவது என்றே எங்கள் வீடுகளுக்குத் தெரியும். விளையாட்டாகவும் ஓடலாம் என்பது 2006-ல்தான் தெரிந்தது.

சிற்றாறு தாமிரபரணியில் வந்து சேரும் சீவலப்பேரிக்குப் பக்கத்தில் இருக்கிறது எங்கள் குடியிருப்பு. இந்தக் கட்டுரையில் 'நாங்கள்' என்பது அந்த வருடம் பிளஸ் ஒன் படித்த நான்கு பெண்பிள்ளைகள். எழுதுவது ஒருத்திதான். மற்ற மூவரிடமும் போனில் பேசி, மறந்ததைக் கேட்டுத் திருத்தி எழுதியிருப்பதால் 'நாங்கள்' என்றே சொல்கிறோம். பெயர்கள் வேண்டாம். ஊரில் இன்னும் எங்கள் அம்மாக்கள் இருக்கிறார்கள்.

அந்த வருடம் பள்ளிக்குப் புதிதாக ஒரு பி.டி. டீச்சர் வந்தார். கிராஸ் கன்ட்ரி என்ற வார்த்தையை அவரிடம்தான் முதலில் கேட்டோம். மைதானத்துக்குள் வட்டமடிக்கும் ஓட்டம் அல்ல. மேடு, பள்ளம், சேறு, மணல் எல்லாவற்றிலும் ஓட வேண்டும் என்றார். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் கடும் வெயிலில் இந்த ஓட்டத்தை நடத்தி, 38 பேர் புறப்பட்டு 15 பேர் மட்டுமே முடித்தார்கள். அதோடு ஒலிம்பிக்கிலிருந்தே எடுத்துவிட்டார்கள் என்று கதை சொன்னார். நாற்று நடவுக்கும் செங்கல் சூளைக்கும் போய்வரும் எங்களுக்கு வெயில் பெரிய விஷயமாகத் தெரியவில்லை.

எங்களைப் பிடித்து இழுத்தது அதன் கணக்குதான். ஒரு அணியில் ஆறு பேர் ஓடலாம். முதலில் வரும் நான்கு பேரின் இடங்களைக் கூட்ட வேண்டும். கூட்டுத்தொகை எந்த அணிக்குக் குறைவோ அந்த அணி ஜெயிக்கும். ஒருத்தி முதலாவதாக வந்து மார்தட்டிக்கொண்டால் போதாது. நாலாவதாக வருகிறவள் முப்பதாவது இடமா நாற்பதாவது இடமா என்பதில் மொத்த அணியின் தலையெழுத்தும் இருக்கிறது.

டீச்சர் தேர்ந்தெடுத்த ஆறு பேரில் நாங்கள் நால்வர். மற்ற இருவர் ஊர்த்தெருப் பிள்ளைகள்.

முதல் சிக்கல், எங்கே ஓடுவது என்பது. பள்ளி மைதானம் சின்னது. பக்கத்தில் நீளமாகக் கிடந்தது வாய்க்கால் கரைதான். ஒரு பக்கம் வாழை, மறுபக்கம் வயல். காலை ஐந்தரைக்கு அதில் ஓட ஆரம்பித்தோம். அதே கரையில் எங்கள் அம்மாக்கள் நாற்றுக்கட்டைத் தலையில் வைத்து எத்தனையோ வருடம் நடந்திருக்கிறார்கள். யாரும் எதுவும் சொன்னதில்லை. நாங்கள் கேன்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு ஓடியதும் கண்ணை உறுத்திவிட்டது. நாலாம் நாள் ஒரு பெரியவர் மறித்தார்.

"எவ வீட்டுப் பிள்ளைய நீங்க? வேலைக்கு வந்தா வேலைக்கு வாங்க. காலங்காத்தால குதியாட்டம் போட இது என்ன உங்க அப்பன் வீட்டு வரப்பா?"

மறுநாள் கரையின் குறுக்கே உடைமுள் வெட்டிப் போடப்பட்டிருந்தது. வாய்க்கால் கரை அவர் அப்பன் வீட்டுச் சொத்தும் இல்லை, அது புறம்போக்கு என்று சொல்ல அன்று எங்களுக்குத் தெரியாது. பிறகு சமூகவியல் வகுப்பில் நிலவுடைமையும் சாதியும் பற்றிப் படிக்கும்போதெல்லாம் அந்த முள்தான் கண்முன் வந்தது. அந்த வழியில் வேலைக்கு நடக்கலாம், ஓடக் கூடாது. கிராஸ் கன்ட்ரி ஆங்கிலேயர்களின் பள்ளிகளில் பிறந்து, வயல்வெளிகளின் குறுக்கே ஓடி வளர்ந்த விளையாட்டு. நம் நாட்டில் யார் வயலின் குறுக்கே யார் ஓடுவது?

டீச்சர் சண்டைக்குப் போகவில்லை. அவர் வெளியூர்க்காரர், தற்காலிக வேலை. எங்களை ஆற்றுக்குக் கூட்டிப்போனார். மணலில் ஓடுவது நரகம். ஒரு எட்டு வைத்தால் அரை எட்டு பின்னால் இழுக்கும். முதல் வாரம் கெண்டைக்கால் கல்லாக இறுகிப்போய், பள்ளியில் மாடிப்படி ஏற முடியாமல் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துத் தொங்கினோம். டீச்சர் சொன்னது மூன்றுதான்: குதிகாலை ஊன்றாதே, எட்டைச் சின்னதாக வை, மூச்சு வாங்கினாலும் நிற்காதே, மெதுவாக ஓடு. ஒரு மாதத்தில் கால் பழகிவிட்டது. பிறகு மண் தரையில் ஓடியபோது காலில் கட்டியிருந்த எதையோ அவிழ்த்துவிட்டது போல இருந்தது.

ஓட்டம் முடிந்ததும் மணலைக் கையால் தோண்டுவோம். ஊற்று சுரக்கும். கலங்கல் தெளிய இரண்டு நிமிடம் காத்திருந்து, ஆறு பேரும் உள்ளங்கையில் அள்ளிக் குடிப்போம். ஊர்த்தெருப் பிள்ளைகள் வகுப்பில் எங்கள் வாட்டர் பாட்டிலைத் தொட மாட்டார்கள். ஊற்றில் அந்தப் பேச்சு வரவில்லை. யாரும் திட்டமிட்டுச் செய்த சீர்திருத்தம் இல்லை. தாகம், அவ்வளவுதான்.

ஆனால் ஆற்றுக்குப் போகும் பாதை எங்கள் தெரு வழியாகத்தான். ஒருநாள் அந்த இருவரும் எங்களில் ஒருத்தியின் வீட்டு வாசலில் நின்று பழைய சோறும் சுண்டவத்தலும் சாப்பிட்டார்கள். அதை யாரோ பார்த்துப் போய்ச் சொல்லிவிட்டார்கள். ஒருத்தியை அவள் மாமா அன்றோடு நிறுத்திவிட்டார். மற்றவள் 'ஸ்பெஷல் கிளாஸ்' என்று பொய் சொல்லி இன்னும் சில நாள் வந்தாள். பிறகு அதுவும் நின்றது. போட்டிக்கு முந்தைய இரண்டு வாரமும் அவள் ஆற்றுப் பக்கமே வரவில்லை. போட்டியன்று காலை மட்டும் பஸ் ஸ்டாப்பில் வந்து நின்றாள். வீட்டில் என்ன சொன்னாள் என்று நாங்கள் கேட்கவில்லை.

போட்டி பாளையங்கோட்டையில். நான்கு கிலோமீட்டர். முதல் நாள் பெய்த மழையில் பாதை சகதியாகிக் கிடந்தது. டவுன் பள்ளிப் பிள்ளைகள் ஸ்பைக்ஸ் போட்டிருந்தார்கள். எங்களில் இருவர் கேன்வாஸ், மற்றவர்கள் வெறுங்கால். சகதியில் வெறுங்கால்தான் வசதி என்பது கொஞ்ச நேரத்தில் தெரிந்தது. நடவு வயலில் நிற்கும்போது பெருவிரலால் சேற்றைக் கவ்விப் பிடிப்போமே, அதே பிடிதான்.

எங்களில் முதல் மூவர் 2, 7, 15 ஆகிய இடங்களில் வந்தோம். எங்களில் இன்னொருத்திக்கு மூன்றாவது கிலோமீட்டரில் விலாவில் பிடித்துக்கொண்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். ஆகவே நாலாவது கணக்கு, இரண்டு வாரம் பயிற்சி இல்லாமல் வந்த ஊர்த்தெருப் பிள்ளையின் தலையில் விழுந்தது. அவள் கடைசி வளைவில் வரும்போது முகம் வெளுத்து, எச்சில் ஒழுக வந்தாள். முடித்தவர்கள் எல்லாரும் கயிற்றோரம் ஓடிப்போய், "வாட்டி! வாட்டி! இன்னும் ஒண்ணு, இன்னும் ஒண்ணு!" என்று கத்தினோம். எங்கள் தொண்டையிலிருந்து அவள் பெயர் அவ்வளவு சத்தமாக அதற்கு முன்பு வந்ததில்லை. அவள் 31.

மொத்தம் 55. ஜெயித்த பள்ளிக்கு 52. இரண்டாம் இடம்.

திரும்பும் பஸ்ஸில் அந்த மூன்றைத்தான் பேசிக்கொண்டு வந்தோம். அந்த இரண்டு வாரம் அவள் மணலில் ஓடியிருந்தால் நாலு பேரைத் தாண்டியிருப்பாள் என்றோம். அவளும் ஆமாம் என்று தலையாட்டினாள். ஊர் ஸ்டாப்பில் இறங்கினாள். அங்கே அவள் வீட்டு ஆட்கள் நின்றிருந்தார்கள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்த ஸ்டாப்பில் நாங்கள் இறங்கினோம்.

சாதி எல்லாரையும் ஒரே மாதிரி பாதிக்கிறது என்று இதிலிருந்து யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அவளுக்குப் பயிற்சி போனது. எங்களுக்குப் பாதையே மறுக்கப்பட்டது. முள்ளை வெட்டிப் போட்டவர் அவள் சொந்தக்காரர், எங்களுடையவர் அல்ல. ஆனால் எங்களோடு சேரக் கூடாது என்று அவளைப் பூட்டி வைத்ததில் தோற்றது அவளும் இருந்த அணிதான். ஸ்கோர் ஷீட் அதை மறைக்கவில்லை.

எங்கள் அணி உடைந்தது அதனால் மட்டும் இல்லை. அந்த டிசம்பர் 9-ம் தேதி தோஹா ஆசிய விளையாட்டில் சாந்தி சௌந்தரராஜன் 800 மீட்டரில் வெள்ளி வாங்கினார். புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சிக்காரர், தலித் குடும்பம், அப்பா அம்மா செங்கல் சூளைத் தொழிலாளர்கள். எங்கள் தெருவில் டி.வி. இருந்த வீட்டில் எல்லாரும் கூடிப் பார்த்தோம். "நம்ம சூளக்காரப் பிள்ளைட்டி" என்று ஒரு ஆச்சி எழுந்து நின்று சொன்னார். சில நாட்களில் பாலினப் பரிசோதனையில் தோற்றுவிட்டார் என்று செய்தி வந்தது. பதக்கத்தைப் பறித்தார்கள். அந்தப் பெண்ணின் உடம்பைப் பற்றி நாடே டீக்கடையில் உட்கார்ந்து பேசியது.

அந்தப் பேச்சு எங்கள் தெருவுக்கும் வந்தது. "ஓடி ஓடி ஆம்பளையாப் போயிருவீய" என்று சொன்னவர்கள் ஊர்க்காரர்கள் இல்லை. எங்கள் அப்பாக்களும் சித்தப்பாக்களும். பொங்கலுக்குள் எங்களில் இருவரை நிறுத்திவிட்டார்கள். முள்ளுக்கு மாற்றாக ஆறு இருந்தது. இதற்கு மாற்று எதுவும் இல்லை. தோழர்களே, இதை எழுதக் கை கூசுகிறது. ஆனாலும் எழுதத்தான் வேண்டும். நம் வீட்டு ஆண்கள் வெட்டிப் போடும் முள்ளும் முள்தான்.

தமிழக அரசு அன்று சாந்திக்கு 15 லட்ச ரூபாய் கொடுத்தது. 2016-ல் விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் பயிற்சியாளர் வேலை கிடைத்தது. அதே மாதிரி விதியை ஒடிசாவின் டூட்டி சந்த் எதிர்த்து வழக்காடி, 2015-ல் விளையாட்டுக்கான நடுவர் நீதிமன்றம் அந்த விதியை நிறுத்தி வைத்தது. சாந்தியின் பதக்கம் மட்டும் திரும்பவில்லை.

எங்களில் ஒருத்தி இன்று போலீஸ் கான்ஸ்டபிள். உடல்தகுதித் தேர்வில் அவளை ஓட வைத்தது அந்த மணல்தான். அவள் யூனிஃபார்மில் வந்தபோது திண்ணைத் தாத்தா எழுந்து நிற்கப் போனார்; அவள் பிடித்து உட்கார வைத்தாள். ஒருத்தி திருப்பூரில் பனியன் கம்பெனி. ஒருத்தி ஊரிலேயே நூறு நாள் வேலை. இதை எழுதுகிறவள் சமூகப் பணியில். மாலையில் குடியிருப்புப் பிள்ளைகளுக்குப் படிப்பகம்.

அந்தப் பிள்ளைகளும் ஓடுகிறார்கள். அதனால்தான் பழங்கதையை இப்போது எடுத்தோம். 2025 மார்ச்சில் ஸ்ரீவைகுண்டம் பக்கத்தில், பரீட்சைக்குப் பஸ்ஸில் போன பிளஸ் ஒன் தலித் மாணவனை இறக்கி வெட்டினார்கள். கை விரல்கள் துண்டாயின. அதற்கு முன் நடந்த கபடிப் போட்டியில் அவன் அணி ஜெயித்ததுதான் காரணம் என்றார்கள் அவன் வீட்டார். 2023-ல் நாங்குநேரியில் வீடு புகுந்து மாணவனையும் தங்கையையும் வெட்டிய பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024-ல் கொடுத்த அறிக்கையில் பள்ளிக்குள் சாதிக் கயிறு கூடாது என்று சொன்னது. சரியான பரிந்துரை. ஆனால் கயிற்றை அவிழ்த்த பிறகு அந்தப் பிள்ளைகள் சேர்ந்து என்ன செய்வார்கள், எங்கே செய்வார்கள்? பேசாமல் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருப்பது மட்டும் சமத்துவம் ஆகாது.

படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேலை சொல்கிறோம். உங்கள் ஊராட்சியில் விளையாட்டு மைதானம் எந்த சர்வே எண்ணில் இருக்கிறது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். அது ஊருக்குள் இருக்கிறதா, எல்லாத் தெருப் பிள்ளைகளும் போகும் இடத்தில் இருக்கிறதா என்று நேரில் போய்ப் பாருங்கள். 2024-ல் ஊராட்சிகளுக்குக் கலைஞர் விளையாட்டு உபகரணத் தொகுப்பு கொடுக்கத் தொடங்கினார்கள். அந்தப் பெட்டியின் சாவி யார் வீட்டில் தொங்குகிறது, பெண்பிள்ளைகள் போய்க் கேட்டால் கிடைக்கிறதா என்று விசாரியுங்கள். வாய்க்கால் கரை புறம்போக்கு என்றால் 'அ' பதிவேட்டின் நகலை வாங்கிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். எங்களிடம் அன்று அந்தத் தாள் இல்லை.

நாங்கள் ஓடிய மணலும் இப்போது அப்படியே இல்லை. 2010-ல் தோழர் நல்லகண்ணு நீதிமன்றத்தில் தானே வாதாடித் தடை வாங்குவதற்குள் லாரி லாரியாக அள்ளிப்போனது போக, மிச்சத்தில் அமலையும் கோரையும் மண்டிக் கிடக்கிறது. படிப்பகத்துப் பிள்ளைகள் ரோட்டோரம்தான் ஓடுகிறார்கள். போன மாதம் அவர்களில் ஒருத்தி கேட்டாள்: "எக்கா, ஆறு பேரு வேணும்னீங்க. நாங்க அஞ்சு பேருதான இருக்கோம்?"

ஊர்த்தெருவில் ஒரு பிள்ளை நன்றாக ஓடுகிறாளாம். அவளுடைய அம்மாவை எங்களுக்குத் தெரியும். 31-வது இடத்தில் வந்தவள். இந்த ஞாயிற்றுக்கிழமை போய்க் கேட்கலாம் என்று இருக்கிறோம்.

ஜெய் பீம்.