தந்தையின் இடத்தில் நிற்போர்

ஆண்மையையும் ஒரு சிறுவன் பிறரிடமிருந்தே கற்கிறான். தந்தை இல்லாத வீட்டில் அதனைக் கற்பிக்க வருவோர் யாவர்? கென் லோச் 1969இல் இயக்கிய ‘கெஸ்’ என்னும் ஆங்கிலத் திரைப்படத்தைக் கண்ட நாள்முதல் இவ்வினா ஆசிரியர்களாகிய எம்மை விட்டகலவில்லை.

பரி ஹைன்ஸ் 1968இல் வெளியிட்ட நாவலின் திரைவடிவம் அது. ஹைன்ஸ் சுரங்கத் தொழிலாளியின் மகன். உடற்பயிற்சி ஆசிரியராகவும் இருந்தவர். யோர்க்ஷயரின் பார்ன்ஸ்லி என்னும் நிலக்கரி நகரே கதைக்களம். பாடசாலையை விட்டு நீங்கும் தறுவாயில் நிற்கும் பில்லியே கதைத்தலைவன். அவன் தந்தை வீட்டை விட்டுப் போய்விட்டார்.

அந்த இடத்தில் மூவர் நிற்கின்றனர். அண்ணன் ஜட் சுரங்கத்தில் உழைத்த கசப்பைத் தம்பிமேல் இறக்குகிறான். உடற்பயிற்சி ஆசிரியர் சக்டன் மாணவரோடு தாமும் உதைபந்தாடித் தோற்று, பந்தைத் தடுக்கத் தவறிய பில்லியைக் குளிர்நீரின் கீழ் நிறுத்துகிறார். அதிபரோ, செய்தி கொண்டுவந்த சின்னஞ்சிறுவனையும் சேர்த்துப் பிரம்பால் அடிக்கிறார். வலியவன் மெலியவனை அடக்குவதே ஆண்மை என்பது மூவரும் புகட்டும் பாடம். கேள்வி கேளாது உழைக்கும் கைகள் சுரங்கத்திற்கு வேண்டும். அவற்றைப் பாடசாலை பழக்கி அனுப்புகிறது. “அடித்தால்தான் ஆம்பிளையாவான்” என்ற பேச்சை எமது ஆசிரியர் அறைகளிலும் நாம் கேட்டிருக்கிறோம்.

பில்லி ஒரு வல்லூற்றைப் பழக்குகிறான். அடித்துப் பணிய வைக்க இயலாத பறவை அது. இறைச்சித் துண்டைக் காட்டி, நாள்தோறும் தூரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டி, அது தானே கைக்கு வரும்வரை காத்திருக்கிறான். தனக்கு எவரும் தராத தந்தைமையை அவன் பறவைக்குத் தருகிறான்.

ஆங்கில ஆசிரியர் பார்திங் மட்டும் அவனைப் பேசவிட்டுக் கேட்கிறார்; வயலுக்கே சென்று பறவை பறப்பதைக் காண்கிறார். ஆயினும் ஜட் கொடுத்த பந்தயப் பணத்தைப் பில்லி கட்டாதுவிட, குதிரைகள் வென்றுவிட, ஜட் பறவையைக் கொன்றுவிடுகிறான். பார்திங்கின் பரிவு அதனைத் தடுக்கவில்லை; பில்லி வெறுத்த சுரங்கத்திற்கு வேறொரு வழியையும் திறந்துவிடவில்லை.

நம்முள் பலரும் பார்திங்காகவே இருக்க விரும்புவோம். அது நல்ல விருப்பம். ஆனால் மாணவனுக்குச் செவிகொடுக்கும் ஆசிரியன், அவனை வாயிலில் எதிர்பார்த்து நிற்கும் வறுமையோடும் போரிட வேண்டும். அந்தப் போரை ஒருவராகத் தனித்து நடத்த இயலாது.