தென்னாற்காடு என்று அச்சிட்ட கபடி நோட்டீஸ்

கபடிப் போட்டி நோட்டீஸில் ஆண்டு இருக்காது. மாட்டுப் பொங்கல் மாலை என்று இருக்கும். முதல் பரிசு யார் உபயம் என்பது கொட்டை எழுத்தில் இருக்கும். மைதாப் பசையோடு சுவரில் காய்ந்து அடுத்த மழையில் கரையும் தாளுக்கு ஆண்டு எதற்கு? சேகரிக்கிற எனக்கோ அந்த ஆண்டுதான் வேண்டும்.

கள்ளக்குறிச்சிப் பக்கத்து நோட்டீஸ்களில் அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. ஊர் இருந்த இடத்திலேயே இருக்க, மாவட்டத்தின் பெயர் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. சங்கராபுரம் என்ற ஊர்ப்பெயருக்குப் பக்கத்தில் ‘தென்னாற்காடு’ என்றிருந்தால் பெரும்பாலும் 1993 செப்டம்பருக்கு முந்தையது. ‘விழுப்புரம் இராமசாமி படையாட்சியார் மாவட்டம்’ என்று வரி முழுக்க நீண்டால் 1997-க்குள். மாவட்டங்களிலிருந்து தலைவர்களின் பெயர்களை எடுத்தபிறகு வெறும் விழுப்புரம். 2019 நவம்பருக்குப் பின் கள்ளக்குறிச்சி. பழைய பெயரையே விடாமல் போட்ட அச்சகங்களும் இருக்கும் என்பதால் ‘தொடர்புக்கு’ என்ற இடத்தையும் பார்ப்பேன். டீக்கடைப் பெயர் மட்டுமா, 04151 என்று தொடங்கும் எண்ணா, கைபேசியா என்பதிலிருந்து காலம் இன்னும் நெருங்கி வரும்.

நான் அடிக்கடி எடுத்துப் பார்ப்பது கச்சிராயபாளையத்துக்கு அருகே ஒரு சிற்றூரின் ரோஸ் நிறத் தாள். தென்னாற்காடு காலத்தது. முதல் பரிசு 1,001 ரூபாய், நான்காம் பரிசு 251. நுழைவுக் கட்டணம், எடை வரம்பு, நடுவர் தீர்ப்பே இறுதி என்ற வழக்கமான வரிகளுக்குக் கீழே, மலையிலிருந்து வரும் அணிகளுக்கு இரவுச் சாப்பாடும் படுக்க இடமும் உண்டு என்று ஒரு வரி. விடிய விடிய ஆட்டம் நடக்கும். மலைமேல் இருக்கும் வெள்ளிமலைக்குத் திரும்பப் பேருந்து இருக்காது. கல்வராயன் மலையின் இளைஞர்கள் கீழே இறங்கி வந்து ஆடினார்கள், அவர்களை எதிர்பார்த்து ஓர் ஊர் உலை வைத்தது என்பதற்கு என் கையிலுள்ள ஒரே சான்று இந்த வரிதான். எந்தச் சாதனைப் பட்டியலைவிடவும் எனக்கு இது பெரிது.

இன்னொரு நிபந்தனையும் அதில் உண்டு: வெளியூர் ஆட்டக்காரரைச் சேர்க்கக் கூடாது. புரோ கபடி லீக் வந்த 2014-இல், ராகேஷ் குமார் 12.80 லட்சத்துக்கு ஏலம் போனபோதுதான் இந்த ஆட்டத்தில் காசு புகுந்தது என்று பேசுகிறார்கள். காசு கொடுத்து ஆள் இறக்கும் வழக்கம் முன்பே இல்லாவிட்டால் அதைத் தடுக்க ஒரு வரி எதற்கு?

அமெரிக்க பேஸ்பால், தன் ஆட்டத்தில் காசு புகுந்த தொடக்கத்தைக் காகிதத்தோடு காப்பாற்றிக்கொண்டது. 1869-இல் எல்லா ஆட்டக்காரருக்கும் வெளிப்படையாகச் சம்பளம் கொடுத்த சின்சினாட்டி அணியை நடத்திய ஹாரி ரைட்டின் கணக்கேடுகளும் கடிதங்களும், பழைய பேஸ்பால் வீரர் ஸ்பால்டிங்கின் சேகரிப்போடு 1921-இல் நியூயார்க் பொது நூலகத்துக்கு வந்தன. பின்னாளில் அதிலிருந்து திருட்டுப் போனவையும் உண்டு. நம்மிடம் கோட்டையூர் ரோஜா முத்தையா இருந்தார். புத்தகங்களோடு நாடக நோட்டீஸையும் கல்யாணப் பத்திரிகையையும் சேர்த்துவைத்தார். கபடிக்கும் அப்படி ஒருவர் வாய்த்திருக்க வேண்டும்.

இப்போது நான் தேடுவது, வெள்ளிமலையிலேயே நடந்த ஒரு போட்டிக்கு அந்தக் காலத்தில் அடித்த நோட்டீஸை. கீழ்நாட்டு அணிகளை மேலே வரச்சொல்லி மலைக்காரர்கள் என்னென்ன தருவதாக எழுதினார்கள் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்.