கண்டி மகுடமும் வேலூர்க் கல்லறையும்

நான் வேலூர்க்காரன். பிறந்தது, படித்தது, இன்றும் குடியிருப்பது எல்லாம் இந்த ஊரில்தான். கண்டியின் கடைசி மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் கைதியாக வாழ்ந்து 1832-இல் கண்மூடியதும் இதே ஊரில்தான். பாலாற்றங்கரையில் அவருடைய கல்லறை இருக்கிறது. அதைச் சுற்றி முத்து மண்டபம் எழுப்பியிருக்கிறார்கள். அண்மைக்காலம்வரை நான் அங்கே போனதே இல்லை. ஆனால் அவருடைய மகுடத்தைப் பார்க்கக் கொழும்புக்கு விமானம் ஏறினேன். மனசாட்சி உறுத்துவதால் இதை எழுதுகிறேன்.

கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் மகுடமும் அரியணையும் கண்ணாடிக்குள் இருக்கின்றன. அரியணை, டச்சுக்காரர்கள் 1693-இல் இரண்டாம் விமலதர்மசூரியனுக்குக் கொடுத்த பரிசு. மரத்தின்மேல் பொன் தகடு போர்த்தியிருக்கிறார்கள். கை வைக்கும் இடத்தில் பக்கத்துக்கொரு சிங்கம், சாய்மானத்தின் உச்சியில் சூரியன். 1815-இல் கண்டி ஆங்கிலேயர் கைக்குப் போனபின் மகுடமும் அரியணையும் இங்கிலாந்து சென்றன. வின்சர் கோட்டையில் இருந்த அவை 1934-இல்தான் இலங்கைக்குத் திரும்பின.

அங்கே நின்றபோது எத்தனை சவரன் தேறும் என்றுதான் என் மனம் முதலில் கணக்குப் போட்டது. அடுத்து வந்தது பெருமை. மதுரை நாயக்கர் உறவில் வந்தவர், தமிழ் புழங்கிய அரசவை, நம் ஆள் என்று நெஞ்சு நிமிர்ந்தது. பக்கத்தில் நின்ற மகளுக்குச் சிங்கத்தையும் சூரியனையும் காட்டிக் கதை சொன்னேன்.

பாதிக் கதைதான் சொன்னேன். தனக்கு எதிராகத் திரும்பிய எஹெலபொல என்ற பெரிய அதிகாரியைப் பழிவாங்க, 1814-இல் அவருடைய மனைவியையும் சிறு பிள்ளைகளையும் கொல்லவைத்தவர் இந்த மன்னர். அது எனக்குத் தெரியும். பெருமை குறைந்துவிடுமே என்று மகளிடம் மறைத்தேன். அவர் ஆங்கிலேயரிடம் பிடிபட்டு, 1816-இல் குடும்பத்தோடு கப்பலேற்றப்பட்டு, எங்கள் வேலூர்க் கோட்டைக்குக் கைதியாக வந்து சேர்ந்ததையும் சொல்லவில்லை. அந்தக் கோட்டையின் அகழியோரம் விளையாடி வளர்ந்த பிள்ளை அவள்.

பொன் இருந்த இடத்தில் உறவு கொண்டாடினேன். குற்றமும் வீழ்ச்சியும் வந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டேன். நான் மதித்தது வரலாற்றை அல்ல, தங்கத்தை. ஒரு தகப்பன் செய்யக்கூடாத காரியம் இது. ஊர் திரும்பியபின் மகளை முத்து மண்டபத்துக்கு அழைத்துப் போய், மறைத்த இரண்டையும் சொன்னேன். ஏன் அங்கேயே சொல்லவில்லை என்று கேட்டாள். காரணத்தையும் ஒளிக்காமல் சொன்னேன்.

மகுடம் பார்க்கப் பிள்ளைகளை அழைத்துப் போகிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அதைச் சூடியவர் யாருக்கு என்ன செய்தார், கடைசியில் என்ன ஆனார் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். வேலூருக்கு வந்தால் கோட்டையோடு திரும்பிவிடாதீர்கள். முத்து மண்டபத்துக்கும் ஒரு நடை போய்வாருங்கள்.