கையிலேயே இருந்த சாவி

ரியாத்தில் அப்போது இரவு இரண்டரை மணி. காயல்பட்டினத்தில் விடியற்காலை ஐந்து. ஃபஜ்ருக்கு எழுந்த வாப்பாவுக்கு மூச்சுத் திணறுகிறது என்று மனைவி அழைத்தாள். கார் திறக்கவில்லை. ரிமோட் சாவியை எத்தனை முறை அழுத்தினாலும் விளக்கு மின்னவில்லை, ஓசையும் இல்லை.

விடுமுறை முடிந்து நான் திரும்பியபின் மூன்று மாதமாக வண்டி நின்ற இடத்திலேயே நின்றது. நின்றாலும் அதன் பூட்டும் அலாரமும் சிறுகச் சிறுக மின்சாரம் உறிஞ்சிக்கொண்டிருக்கும். பேட்டரி தீர்ந்திருந்தது.

பக்கத்து வீட்டார் தம் காரில் வாப்பாவைத் தூத்துக்குடிக்குக் கொண்டு சென்றார்கள். அல்லாஹ் அவர்களுக்கு நற்கூலி வழங்குவானாக. மனைவியும் உடன் சென்றாள். ஆனால் வாப்பாவின் மருத்துவக் கோப்பு காரினுள் இருந்தது. அவசரத்தில் மறந்துவிடக் கூடாதென்று அங்கே வைத்தவனே நான்தான்! இரத்தம் உறையாமலிருக்க என்ன மாத்திரை, எந்த அளவு என்று மருத்துவர் கேட்டார். யாருக்கும் சொல்லத் தெரியவில்லை.

வீட்டிலிருந்த தங்கையை அழைத்து, கண்ணாடியை உடைத்துவிடு என்றேன். என் குரல் கேட்டு விழித்த அறை நண்பர், வாகனப் பணிமனையில் வேலை செய்பவர், கைப்பேசியை வாங்கிக்கொண்டார்.

"உடைக்க வேண்டாம், தங்கச்சி. ரிமோட்டின் ஓரத்தில் ஒரு சிறு கொக்கி இருக்கும். அதைத் தள்ளி இழுங்கள்."

உள்ளிருந்து ஓர் இரும்புச் சாவி வந்தது. ஓட்டுநர் பக்கக் கைப்பிடியின் முனையில் சாவித் துளையை மூடிய பிளாஸ்டிக் மூடி இருந்தது. அதன் அடியிலுள்ள சிறு பிளவில் சாவி நுனியை விட்டு நெம்பச் சொன்னார். மூடி கழன்றது, கதவு திறந்தது.

"காக்கா, கோப்பு கிடைத்துவிட்டது!" என்று தங்கை அழுதாள். அவள் அனுப்பிய படத்தைப் பார்த்தபின் மருத்துவர் தயக்கமின்றிச் சிகிச்சையைத் தொடர்ந்தார். நான்காம் நாள் வாப்பா வீடு திரும்பினார்கள், அல்ஹம்துலில்லாஹ்.

நண்பர் பின்னர் மேலும் சில சொன்னார். சாவியால் திறந்தபின் உள்விளக்கு எரிந்தால், பெரும்பாலும் தீர்ந்தது ரிமோட்டிலுள்ள வில்லை பேட்டரிதான். அதை மாற்றினால் போதும். அதுவரை ரிமோட்டை ஸ்டார்ட் பொத்தானோடு ஒட்டிப் பிடித்தால் பல வண்டிகள் கிளம்பும். அலாரம் ஒலித்தாலும் அஞ்ச வேண்டாம். விளக்கு எரியாவிட்டால் கார் பேட்டரியே தீர்ந்திருக்கிறது. மற்றக் கதவுகளை உள்ளிருந்துதான் திறக்க வேண்டும். பானட்டைத் திறக்கும் பிடியும் உள்ளேதான் இருக்கிறது.

நான்கு ஆண்டுகள் அந்தச் சாவியைச் சட்டைப்பையில் சுமந்தேன். அதனுள் இன்னொரு சாவி இருப்பதை அறியவில்லை. வண்டி வாங்கித் தந்ததோடும் மாதந்தோறும் பணம் அனுப்புவதோடும் கடமை தீர்ந்தது என்றிருந்தேன். ஒரு பொருளை வீட்டாரிடம் ஒப்படைக்கும்போது, அது கைவிடும் நேரத்தில் என்ன செய்வது என்பதையும் கற்றுக்கொடுப்பதே அமானத் என்பதை அந்த இரவில்தான் உணர்ந்தேன்.

கடல்கடந்து வாழும் சகோதரர்களே, அடுத்த விடுமுறையில் வீட்டுப் பெண்களின் கையில் ரிமோட்டைக் கொடுத்து, அந்த இரும்புச் சாவியால் கதவை ஒருமுறை அவர்களையே திறக்கச் சொல்லுங்கள். மருத்துவக் கோப்பின் படம் ஒன்று அவர்கள் கைப்பேசியிலும் இருக்கட்டும்.